ஓடையை மறித்தவர்

வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரம்தான், ஆனால் எங்கள் வீட்டு யன்னல் ஒன்றிலிருந்தும் கடல் தெரியாது. குசினி யன்னலைத் திறந்தால் பக்கத்துத் தொடர்மாடியின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். அந்தச் சுவரில் ஒரு குளியலறைக் கண்ணாடியும் இரண்டு கழிவுக் குழாய்களும் உண்டு. அந்த வீட்டு மனிதர் பல் விளக்கிக் காறுகிற சத்தத்தோடுதான் நான் காலையில் தேத்தண்ணீர் போடுகிறேன். எங்கள் வாசலில் மரக்கதவு ஒன்று, அதற்கு வெளியே இரும்புக் கிறில் ஒன்று, கிறிலுக்குப் பூட்டு. லிஃப்ட் வேலை செய்கிற நாளை நாங்கள் நல்ல நாள் பெருநாள் மாதிரிக் கொண்டாடுவோம். மற்ற நாட்களில் என் முழங்காலுக்கு அந்தப் படிகள் சரிவராது. காலி வீதியில் மரக்கறி வாங்கவும் அவர்தான் போவார். நான் கிறிலுக்கு உள்ளே நின்று, கத்தரிக்காய் பிஞ்சாகப் பார்த்து வாங்கச் சொல்லிக் கத்துவேன்.

அவர் என்றால் என் கணவர். கொள்ளுப்பிட்டியில் ஒரு காரியாலயத்தில் தலை நரைக்கும் வரை கணக்குப் பார்த்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே ஆறு இல்லை, ஓடை இல்லை, கிணறுதான் எல்லாம். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போது வாய்க்கால் உடைந்து ஒரு வாளித் தண்ணீர் வெளியே போனாலும் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவர். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும், தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் குளியலறையில் கால் வைக்க இடமில்லை. எல்லா வாளியிலும் தண்ணீர். ஆளே குளிக்கக்கூடிய ஒரு நீலப் பீப்பாயிலும் தண்ணீர். ஏன் என்று கேட்டால், "நாளைக்கு நிண்டால்?" என்பார். ஒரு நாளும் நின்றதில்லை. நின்றதில்லை என்பதற்காக அவர் விட்டதுமில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றதும் போய் வாங்கியது ஓடை ஓடுகிற ஒரு காணி.

அவிசாவளை வீதியில் பஸ்ஸில் போய் இறங்கி, ஓட்டோ பிடித்து, றப்பர் தோட்டங்களுக்குள்ளால் போக வேண்டும். காணி பெரிதொன்றுமில்லை. மேலே றப்பர், நடுவில் கொஞ்சம் தென்னை, ஒரு தகரக் கொட்டில், அடியில் ஓடை. ஊரார் அதைச் சிங்களத்தில் தொல என்பார்கள். அவர் வாய்க்கால் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கட்டிக்கொண்டு போவோம். அன்றைக்கு மட்டும் முழங்கால் நோவைப் பொறுத்துக்கொண்டு படி இறங்குவேன். அந்த நாளுக்காகத்தான் நான் மற்ற ஆறு நாளும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பஸ்ஸில் ஏறி இருந்ததும் மூச்சு தானாக நீளமாக வரும்.

அவருக்குக் காணியில் எல்லைக் கல்லும் தேங்காயும் தெரியும். எனக்கு ஓடை மட்டும்தான் தெரியும். அது மேலே ஒரு பாறை வெடிப்பில் தொடங்குகிறது. தொடங்குகிற இடத்தில் ஓடை என்று சொல்லவே முடியாது. பாறை வியர்த்த மாதிரி ஒரு ஈரம், அவ்வளவுதான். பிறகு றப்பர் இலைகளுக்கு அடியில் ஒளிந்து வந்து, பாதைக்குக் கீழே ஒரு மதகால் நுழைந்து, எங்கள் காணிக்குள் ஒரு தட்டைப் பாறையில் விரிந்து வழியும். பாறைக்குக் கீழே ஒரு மருதமரம். அதன் வேர் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேருக்கு முன்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு மடு. மடுவைத் தாண்டினால் மணல். கணுக்கால் அளவு தண்ணீர். பிறகு தாழம்பற்றைக்குள் வளைந்து, எங்கள் எல்லையைக் கடந்து, கீழே இருக்கிற ஒரு சிங்கள வீட்டின் பின்வளவால் போய் வயலில் இறங்கும். வயலிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து களனி கங்கை, அங்கிருந்து முகத்துவாரத்தில் கடல். கொட்டாஞ்சேனையில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், பஸ்ஸில் இருந்து அந்த முகத்துவாரத்துத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். கலங்கல் தண்ணீர். அதில் கொஞ்சம் இந்தப் பாறையில் வழிந்தது என்று அப்போது யார் கண்டது?

மடுவின் கரையில் கல்லொன்றில் இருந்துகொண்டு காலைத் தண்ணீருக்குள் விடுவேன். கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தால் போதும், எல்லாரும் வெளியே வருவார்கள். கறுப்புப் பட்டி போட்ட சின்ன மீன்கள் முதலில் வரும். ஆண் மீனுக்கு முகம் சிவந்திருக்கும். ஊரார் அதை வெற்றிலை சப்பினவன் என்கிற பொருளில் புலத் ஹபயா என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள் வந்து கால் விரலைச் சுரண்டும். வேருக்குள்ளிருந்து நண்டு ஒன்று ஒரு கையை மட்டும் காட்டும். ஊசித்தும்பிகள் இலை நுனியில் வந்து குந்தும். மீன்கொத்தி ஒன்று மருதமரத்தின் தாழ்ந்த கொப்பைத் தன் பேருக்கு எழுதி வாங்கியது போல் அங்கேயே இருக்கும். கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு ஒன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எங்களை வாடகைக்காரரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துவிட்டுப் போகும். அட்டையும் உண்டு. அதை நான் விரும்பினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

விலாங்கை நான்தான் முதலில் கண்டேன். மதியம் கொட்டிலில் பொரிக்கக் கொண்டுபோன மீனைக் கழுவிய தண்ணீரை ஊற்றியபோது வேருக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது. பாம்பு என்று நினைத்துக் கத்தினேன். பிறகு பார்த்தால் கழுத்துக்குப் பின்னால் சின்னச் செட்டை. என் முன்கை அளவு தடிப்பு. பழுப்பில் கறுப்புத் திட்டுகள். மீன் தோலை நீட்டினேன். அவசரப்படாமல் வந்து, கையைத் தொடாமல் வாங்கிக்கொண்டு, பின்பக்கமாகவே வேருக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கும் ஒரு பங்கு கட்டிக்கொண்டு போவேன்.

தை மாதத்தில் மகள் வீடியோ கோலில் வந்தாள். லண்டனில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கலியாணமாகிப் பல வருடம் காத்திருந்து, கோயில் கோயிலாக நேர்ந்து, அன்றைக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். ஆடியில் பிள்ளை பிறக்குமாம்.

"அம்மா, நீங்கள் வரவேணும். எனக்கு வேற ஒருத்தரும் வேண்டாம்."

நான் போக வேண்டும். அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பிள்ளை பிறக்கிற நேரம் அவள் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அவர் வாங்குக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. "போவம், போவம்," என்றார். பிறகு, "பாப்பம்," என்றார்.

எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்பது என்ன என்று எனக்குத் தெரியும். அது இல்லை என்று சொல்லாமல் இல்லை என்பது. அவருக்கு விமானம் பயம், குளிர் பயம், விசாக் காரியாலயத்தில் யாராவது கேள்வி கேட்டால் அது எல்லாவற்றையும்விடப் பயம். நான் ஒரு நாளும் தனியாக மருதானையைத் தாண்டியவள் இல்லை. பாஸ்போட், அடையாள அட்டை எல்லாம் அவருடைய அலுமாரியில். அலுமாரிச் சாவி அவருடைய சேட்டுப் பையில். அவர் பூட்டி வைத்தார் என்று சொன்னால் பாவம் வரும். அது அங்கேதான் எப்போதும் இருந்தது, நான்தான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மாசியில் வெயில் ஏறியது. ஓடை மெலிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டைப் பாறையில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தண்ணீர் தாழம்பற்றைக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வேதனை.

"இஞ்சரும், இவ்வளவு தண்ணியும் வீணாய்ப் போகுது."

"எங்க வீணாய்ப் போகுது? ஆத்துக்குத்தானே போகுது."

"அதைத்தான் சொல்லுறன்."

அடுத்த வாரம் வெறும் சாக்குகளோடு வந்தார். மடுவின் வாயில், இரண்டு பாறைகள் நெருங்குகிற இடத்தில், கல்லும் மண்மூட்டையும் அடுக்கினார். அந்த வயதில் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேறு பூசிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். பின்னேரமாவதற்குள் ஓடை நின்றது. மடு நிரம்பி மருதமரத்தின் வேர் முழுவதும் மூடியது. "இப்ப பாரும்!" என்றார். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

கீழ் வீட்டுப் பெண் வந்தாள். எங்களைவிடக் கொஞ்சம் இளையவள். ஈரச் சாரத்தோடு, கையில் வெறும் வாளியோடு, எங்கள் எல்லையில் நின்றாள். அவளுக்குக் குளிக்கிற இடமும் துவைக்கிற இடமும் அந்தத் தண்ணீர்தான்.

"மாத்தயா, அபிட்ட வத்துர நே." தங்களுக்குத் தண்ணீர் இல்லை என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் வாளியைக் கீழே வைத்த விதம் சத்தமாக இருந்தது.

அவர் வெலவெலத்துப் போனார். ஊருக்குள் தமிழர் நாங்கள் மட்டும். சிங்கள அயலோடு ஒரு சொல் பிசகினாலும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "ஹரி, நங்கி, ஹரி ஹரி," சரி தங்கச்சி என்று சொல்லி, அவள் நிற்கும்போதே நடுவில் இரண்டு மூட்டையைத் தூக்கினார். தண்ணீர் பாய்ந்தது. அவள் போனாள். ஆனால் அவருக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கம்பிவலை அடித்த ஒரு மரச்சட்டம் கொண்டுவந்து, அந்த இடைவெளியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் முளை அடித்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

"இது என்னத்துக்கு?"

"தண்ணி அவைக்குப் போகட்டும். மீன் ஏன் போக வேணும்? எங்கட காணியில பிறந்த மீன்."

பிடித்துத் தின்பதற்கும் இல்லை. தூண்டில் பிடிக்கவும் தெரியாது. இருக்க வேண்டும், அவ்வளவுதான். பீப்பாயில் தண்ணீர் இருக்கிற மாதிரி.

பங்குனி முழுக்க மடு மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது. தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஓடவில்லை. காலை விட்டால் முன்போல் சில்லென்று இல்லை. இலைகள் அடியில் படிந்து அழுகி ஒரு நாற்றம் வந்தது. வெற்றிலை சப்பினவன்களுக்கு நிழலும் ஓட்டமும் வேண்டும் போல. முதலில் குறைந்தார்கள், பிறகு காணவே இல்லை. இறால்களும் இல்லை. நுளம்பு வந்தது. மீன்கொத்திக்கு மட்டும் கொண்டாட்டம், ஓட வழியில்லாத மீனைப் பிடிக்க அதற்கு என்ன கஷ்டம்? என் கல் தண்ணீருக்குள் போய்விட்டதால் நான் கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்தேன். வெள்ளவத்தை வீட்டில் இருக்கிற மாதிரியே இருந்தது. ஆறு நாள் அங்கே மூச்சு முட்டினேன். ஏழாம் நாள் இங்கேயும் முட்டத் தொடங்கியது.

விலாங்கைப் பற்றி மகளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. வயிற்றைத் தடவிக்கொண்டே போனில் தேடி வாசித்துச் சொன்னாள்.

"அம்மா, இது கடலில பிறக்கிறதாம். நூல் மாதிரி இருக்கேக்கை ஆத்தால மேல வருமாம். ஓடையில வருசக்கணக்கா இருக்குமாம். பிறகு குஞ்சு பொரிக்கத் திரும்பக் கடலுக்குப் போகுமாம்."

"போய்?"

"போனால் வராது. அவ்வளவுதான் அதின்ர சீவியம். உங்கடது அவ்வளவு பெரிசெண்டால் பெண்தானாம். போக ஆயத்தமெண்டால் சாப்பாட்டை விட்டிடுமாம். கண் பெருக்குமாம், வயிறு வெள்ளியா மாறுமாம். மழை வெள்ளம் வரேக்கை இறங்கிப் போயிடும்."

சித்திரையில் அது சாப்பாட்டை விட்டது. மீன் தோலை நீட்டினேன். வந்தது, பார்த்தது, வாங்கவில்லை. கண் பெரிதாகத்தான் இருந்தது. என் மனப்பிரமையோ தெரியாது, வயிற்றுப் பக்கம் வெளுத்திருந்தது. அவரிடம் சொன்னேன். மகள் சொன்னது முழுவதும் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். அணையின் மேல் ஒரு கல்லை நேராக்கி வைத்தார்.

"இவ்வளவு காலம் இருந்தது, இனியும் இருக்கும்," என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, காலும் கழுவாமல், கேட்டேன். "என்ர பாஸ்போட்டைத் தாங்கோ. பிள்ளை அங்கயிருந்து விசாவுக்குப் போடுறாளாம். நீங்கள் வராட்டில் நான் தனியப் போறன்."

"அவசரப்படாதையும். மழை முடியட்டும்."

"மழைக்கும் விசாவுக்கும் என்ன?"

எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினேன். பிறகு இன்னொன்று. அவர் வாசலில் வந்து நின்று பார்த்தார். நான் போன பிறகு அவற்றைத் திரும்ப நிரப்புகிற சத்தம் கேட்டது.

எங்களுக்கு மேல் மாடியில் ஒருவர் இருக்கிறார். வங்கியில் பெரிய உத்தியோகத்தில் இருந்த மனிதர். மனைவி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போனா. மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனா. பிறகு பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்றார்கள், பிறகு இரண்டாவது பிள்ளை, பிறகு அங்கேயே விசா. அவர் ஒவ்வொரு மதியமும் காலி வீதிக் கடையிலிருந்து சோத்துப் பார்சலோடு எங்கள் கிறிலைக் கடந்து படியேறுவார். வெள்ளவத்தையில் இப்படிப் பார்சல் மனிதர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் உண்டு. என் கணவர் கதவு இடுக்கால் அவரைப் பார்ப்பார். "பாவம் மனுசன்," என்பார். ஒவ்வொரு நாளும் அதையே சொல்வார். சாப்பிட வந்து இருந்தாலும் கொஞ்ச நேரம் சோற்றில் கை வைக்க மாட்டார். நான் அவருக்கு எதிரே இருந்து அதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் கூட இருந்தது.

வைகாசியில் மழை பிடித்தது. சனிக்கிழமை முழுக்கக் கொட்டியது. ஞாயிறு காலையில் அவர் குடையை எடுத்தார். நான் கேட்காமலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

ஓடையை அடையாளமே தெரியவில்லை. செம்மண் நிறத்தில், மதகு முட்ட வந்து, தட்டைப் பாறையை மூடிக்கொண்டு இரைந்தது. மரச்சட்டத்தில் இலையும் சுள்ளியும் அடைத்து, கம்பிவலை சுவராகிவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் ஒரு பக்கத்துக் கரையால் ஏறிக் கீழ் வீட்டு வளவுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் தன் மரவள்ளிக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். என்ன சொன்னாள் என்று மழையில் விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவர் குடையை எறிந்துவிட்டு மடுவுக்குள் இறங்கினார். இடுப்புக்கு மேல் தண்ணீர். ஒரு கையால் மண்மூட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வலையிலிருந்து இலைகளை வழித்தார். வழிக்க வழிக்க வந்து அடைத்தது. எனக்குப் பயம் வந்தது. முழங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நானும் இறங்கி வேரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"இஞ்சரும், பாம்பு!" என்று கையை இழுத்தார்.

பாம்பு இல்லை. இலைகளுக்கு நடுவில் அது வலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. முழு நீளத்துக்கும். தலை வலைக் கண்ணில் முட்டியிருந்தது. பின்வாங்கி, திரும்பவும் முட்டியது. மூக்கு உரிந்து, வெள்ளைச் சதை தெரிந்தது. இன்றைக்குப் பட்ட காயம் இல்லை அது. எத்தனை நாளாக முட்டியதோ.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழைத் தண்ணீர் மூக்கால் வழிந்தது. துடைக்கவில்லை.

"மூக்கெல்லாம் புண்," என்றார்.

"எடுங்கோ வலையை."

"எடுத்தால் போயிடும்."

"போகத்தானே வேணும்."

"பிறகு வராதெண்டல்லோ பிள்ளை சொன்னவள்?"

"வராதுதான்."

அவர் கை கட்டுக்கம்பி முறுக்கின் மேல் இருந்தது. அவிழ்க்கவில்லை. என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

"நீர் வருவீரோ?"

முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்து, அந்த மனிதர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். உடனே ஓம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது குசினி யன்னலின் சுவர் வந்தது, அந்தக் காறல் சத்தம் வந்தது, கிறில் வந்தது. மகளின் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு துண்டுப் புல்வெளி உண்டு, போனில் காட்டியிருக்கிறாள், அதுவும் வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் பிந்திவிட்டது.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிந்தியதை அவர் கேட்டுவிட்டார்.

"ஓம்," என்றேன். "வருவன்."

"சரி," என்றார்.

குனிந்து, கட்டுக்கம்பியின் முறுக்கை அவிழ்க்கத் தொடங்கினார். ஈரத்தில் விரல் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டு, மண்மூட்டையைப் பிடித்துப் பிடித்து மற்றப் பக்கத்துக்கு நகர்ந்தார்.